மைக்ரோடான் ஈக்கள்: இனக் கணக்கு எறும்புக் கூட்டுக்குள் இருக்கிறது

கேள்வி இதுதான்: "மைக்ரோடான் என்ற ஒரே பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதாகப் படித்தேன். படங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்று போலவே இருக்கின்றன. நிஜமாகவே அத்தனை இனங்கள் உண்டா, இல்லை பெயர் வைப்பதற்காகப் பிரித்துக்கொண்டே போகிறார்களா?"

உண்டு. இன்னும் சொல்லப்போனால், இப்போது பட்டியலில் இருப்பதைவிட அதிகம் இருக்கும் என்பதுதான் என் எண்ணம். வளர்ந்த ஈயை மட்டும் வைத்து எண்ணினால் இந்தப் பேரினத்தின் கணக்கு குறைவாகத்தான் வரும். காரணத்தைப் புரிந்துகொள்ள ஈயைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அதன் புழுவையும், அந்தப் புழு வாழும் எறும்புக் கூட்டையும் பார்க்க வேண்டும். பேரினத்தில் பெயர்கள் தேவையில்லாமல் குவிந்த கதையும் ஒன்று உண்டு. அதையும் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சந்தேகத்தில் பாதி அங்கேதான் நியாயமாகிறது.

முதலில் பின்னணி. சிர்ஃபிட் ஈக்கள் என்று நம் வேளாண்மைப் பாடங்களில் வரும் குடும்பத்தைச் சேர்ந்தது மைக்ரோடான். ஹோவர்ஃப்ளை என்றாலும் இவைதான். உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,000 சிற்றினங்கள். வயலோரத்துப் பூக்களுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நிற்கும் மஞ்சள்-கறுப்பு ஈக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளவியோ தேனீயோ என்று தோன்றும், ஆனால் கொட்டாது. இவற்றில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் என்ற இனம் தமிழ்நாட்டு வயல்களில் அசுவினியைக் கட்டுப்படுத்தும் நண்பனாகப் பெயர் வாங்கியது. பூவுக்கு வருவது, அந்தரத்தில் நிற்பது, குளவி வேஷம் போடுவது. சிர்ஃபிட் ஈ என்றால் நம் மனதில் வருவது இந்த மூன்றும்தான்.

மைக்ரோடான் இந்த மூன்றிலும் ஒத்துவராது. பூக்களில் இதைப் பார்ப்பது அரிது. பறப்பதும் சோம்பலான, குறைந்த தூரப் பறத்தல். பிறந்த எறும்புக் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஓர் இலையில் உட்கார்ந்திருக்கும். சிர்ஃபிட் ஈக்களைத் தேடிப் பூச்செடிகளுக்கு நடுவே வலையோடு நடப்பவர் கண்ணில் இது படாமலே போய்விடும். மியூசியங்களில் மற்ற சிர்ஃபிட் ஈக்கள் பெட்டி பெட்டியாக இருக்கும்போது மைக்ரோடான் வகைகள் சில இனங்களில் ஒன்றிரண்டு மாதிரிகளோடு நின்றுபோவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் நன்கு தெரிந்த மைக்ரோடான் மியூட்டாபிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். கருமையான உடல், மேலே பொன்னிறச் சாயலில் மெல்லிய மயிர். சாதாரண ஈக்களுக்கு உணர்கொம்பு குட்டையாக, முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நீளமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் உள்ள முக்கோணத் தகட்டின் ஓரத்தில் இரண்டு சின்னப் பற்கள். சிறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஓடும் நரம்பொன்றிலிருந்து ஒரு குட்டித் துண்டு நரம்பு பிரிந்து, எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நின்றிருக்கும். லென்ஸ் வைத்து இதெல்லாம் பார்த்துவிட்டால் மைக்ரோடான் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதுவரை வந்துவிடலாம். எந்தச் சிற்றினம் என்ற கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

லின்னேயஸ் இந்த ஈயை 1758இல் மஸ்கா மியூட்டாபிலிஸ் என்று பெயரிட்டுப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் ஈ என்றாலே பெரும்பாலும் மஸ்காதான். பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த மைகன் 1803இல் மைக்ரோடான் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். ஆக, ஈயைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அப்போதே தெரியும். அதன் புழுவைப் பற்றித் தெரியாது. அதனால் நடந்தது பூச்சியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவங்களில் ஒன்று.

1820களில் ஜெர்மனியில் எறும்புக் கூடுகளுக்குள் விசித்திரமான ஓர் உயிரினம் கிடைத்தது. அரைக்கோள வடிவம். மேலே குவிந்து, அடியில் தட்டையாக இருந்தது. தலை எங்கே என்று தெரியவில்லை. உடலில் வளையங்கள் இல்லை, கால்கள் இல்லை. மெதுவாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிரேசில் பயணத்தால் புகழ்பெற்ற ஸ்பிக்ஸ் அதைப் பார்த்து, இது ஒரு மெல்லுடலி, அதாவது நத்தை வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்து ஸ்குட்டெல்லிஜெரா என்று பெயர் வைத்தார். ஃபான் ஹைடன் என்பவரும் நத்தை என்றே கருதி பார்முலா என்று இன்னொரு பெயர் வைத்தார். இருவரும் விலங்கியலில் கரைகண்டவர்கள். கையில் இருந்ததோ ஓர் ஈயின் புழு. 1840இல் ஷ்லோட்டாபர் என்பவர், ஸ்குட்டெல்லிஜெராவும் பார்முலாவும் மைக்ரோடான் ஈயும் ஒன்றே என்று எழுதினார். அதோடு அந்த நத்தைப் பெயர்கள் இரண்டும் வழக்கொழிந்தன.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோடான் புழுவைப் படத்தில் பார்ப்பவர்கள் இன்றைக்கும் முதலில் ஓடில்லாத நத்தை என்றுதான் சொல்வார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் மேல்தோல் முழுக்க வலைப்பின்னல் போன்ற வேலைப்பாடு. விளிம்பைச் சுற்றி மெல்லிய மயிர் வரிசை. அந்த விளிம்பு தரையோடு ஒட்டி உட்காரும், அதனால் எறும்பு அடியில் தாடையை நுழைத்து நெம்புவதற்கு இடம் கிடைக்காது. பின்பக்கம் கெட்டியான ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். வாய் அடிப்பக்கம் மறைவாக இருக்கிறது. அந்த வாய்க்குள் எறும்பின் முட்டையும் குஞ்சுப் புழுவும் கூட்டுப்புழுவும் போய்க்கொண்டிருப்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எறும்புக்கும் தெரியாது.

இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். எறும்புக் கூட்டுக்குள் வெளிச்சம் இல்லை. யார் நம்மவர், யார் அந்நியர் என்று எறும்பு தெரிந்துகொள்வது வாசனையால். ஒவ்வொரு எறும்பின் மேல்தோலிலும் மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன் கலவை பூசியிருக்கும். எறும்பு இனத்துக்கு இனம் கலவை வேறு. ஒரே இனத்திலும் கூட்டுக்குக் கூடு விகிதம் மாறும். உணர்கொம்பால் தடவிப் பார்த்து, கலவை பொருந்தினால் விட்டுவிடும், பொருந்தாவிட்டால் கடித்துக் குதறும். தங்கள் குஞ்சுகளையே தின்றுகொண்டிருக்கும் புழுவை எறும்புகள் மாதக்கணக்கில் கூட்டுக்குள் விட்டுவைத்திருக்கின்றன என்றால், அந்தப் புழு மேல் எறும்புக் குஞ்சின் வாசனை இருக்கிறது என்று அர்த்தம்.

இதை வட அமெரிக்காவில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்ரோடான் ஆல்பிகோமேட்டஸ் என்ற ஈயின் புழு, மிர்மிக்கா இன்கம்ப்ளீட்டா என்ற எறும்பின் கூட்டில் வாழ்வது. இரண்டின் மேல்தோல் ஹைட்ரோகார்பன்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் எறும்புகளோடு உரசி உரசி வாசனை ஒட்டிக்கொண்டதா, அல்லது புழுவே தயாரிக்கிறதா? ஹோவர்ட், ஏக்ரே முதலியோர் 1990இல் கதிரியக்கக் குறியிட்ட மூலப்பொருளைப் புழுவுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். புழு தன் உடலிலேயே அந்த ஹைட்ரோகார்பன்களைத் தயாரிப்பது தெரிந்தது. வாசனை இரவல் வாங்கியது அல்ல, புழுவின் மரபிலேயே எழுதப்பட்டது. சிற்றினக் கணக்குக்கு இந்த ஒரு முடிவு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்கிறேன்.

தச்செறும்பு எனப்படும் கேம்பனோட்டஸ் கூடுகளில் வாழும் மைக்ரோடான் பைப்பெரி இன்னொரு படி மேலே போகிறது. அதன் இளம் புழுக்கள் உருவத்திலும் அளவிலும் எறும்பின் பட்டுக்கூட்டை ஒத்திருக்கும். கூட்டைக் கலைத்தால் எறும்புகள் பதறிப்போய்த் தங்கள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, இந்த ஈப்புழுக்களையும் கூடவே கவ்விக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் வைக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். மிர்மிக்கா எறும்பின் வாசனையைத் தயாரிக்கும் புழு, ஃபார்மிக்கா எறும்பின் கூட்டில் போய் விழுந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு எறும்புகளும் வெவ்வேறு துணைக்குடும்பங்கள். ஃபார்மிக்காவின் கூட்டுப்புழு பொதுவாகப் பட்டுக்கூட்டுக்குள் இருக்கும், மிர்மிக்காவின் கூட்டுப்புழு வெறும் உடம்போடு கிடக்கும். கூடு கட்டும் இடம் வேறு, வாசனை வேறு, பழக்கம் வேறு. ஒரே ஈ இரண்டு கூடுகளிலும் சமமாகத் தேறுவது கடினம். எனவே, மைக்ரோடானில் ஒரே இனம் பல வகை எறும்புகளோடு வாழ்வதாக எங்காவது எழுதியிருந்தால், அது நிஜமாகவே ஒரே இனமா என்று கேட்பதுதான் நியாயம்.

மியூட்டாபிலிஸ் விஷயத்தில் நடந்தது அதுதான். பழைய புத்தகங்களில் இந்த ஈயின் புழு பல எறும்பு இனங்களின் கூடுகளில் வாழ்வதாகப் பதிவாகியிருந்தது. பிரிட்டனில் எறும்பு நிபுணர் கிரஹாம் எல்ம்ஸ், ஜெரமி தாமஸ் முதலியோர் அடங்கிய குழு இதைத் துருவத் தொடங்கியது. இவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. பெரிய நீலன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மிர்மிக்கா கூட்டுக்குள் எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்வது. எந்த மிர்மிக்காவாக இருந்தாலும் போதும் என்று நினைத்திருந்தார்கள். மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் கூட்டில்தான் அது ஒழுங்காகத் தேறும் என்பதைத் தாமஸ் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, சரியான எறும்பு உள்ள புல்வெளிகளைச் சீர்செய்து மீட்டார்கள். எறும்பு இனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பது இந்தக் குழுவுக்கு நேரடியாகத் தெரியும்.

மியூட்டாபிலிஸ் என்று சொல்லப்பட்ட ஈக்கள் கிடைத்த இடங்களை அவர்கள் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் மல் தீவிலும் அயர்லாந்திலும் புழுக்கள் ஃபார்மிக்கா லெமானி எறும்பின் கூடுகளில் இருந்தன. கற்களுக்கு அடியில், காய்ந்த வெயில்படும் இடங்களில் கூடு வைக்கும் எறும்பு அது. இங்கிலாந்தின் தெற்கிலும் வேல்ஸிலும் கிடைத்தவை மிர்மிக்கா ஸ்கேப்ரினோடிஸ் எறும்பின் கூடுகளில் இருந்தன. அது ஈரமான புதர்வெளிகளிலும் பாசி படர்ந்த சதுப்பு நிலங்களிலும் கூடு வைப்பது. பறக்கும் ஈக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடவில்லை. கூட்டுப்புழுவில் பிடிபட்டது.

அது எங்கே என்று சொல்கிறேன். மைக்ரோடான் கூட்டுப்புழுவாகும்போது தனியாகக் கூடு எதுவும் கட்டுவதில்லை. கடைசிப் புழுத்தோலே இறுகி, பழுப்பேறி, கெட்டியான ஓடாகிவிடும். அப்போது முன்பக்கம் இரண்டு குட்டிக் கொம்புகள் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு சுவாசிக்க அவை. அந்தக் கொம்பின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், அதன் வடிவம் ஆகியவை ஃபார்மிக்கா கூட்டில் இருந்தவற்றுக்கும் மிர்மிக்கா கூட்டில் இருந்தவற்றுக்கும் தெளிவாக வேறாக இருந்தன. 2002இல் ஷோன்ரோகே தலைமையிலான கட்டுரையில் மிர்மிக்கா கூட்டில் வாழ்வதற்கு மைக்ரோடான் மிர்மிக்கே என்ற புதிய பெயர் வந்தது. லின்னேயஸ் பெயரிட்டு 244 ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகப் பூச்சி பார்ப்பவர்கள் உள்ள ஒரு நாட்டில், ஓர் இனம் இரண்டானது. பிறகு போலந்திலும் இத்தாலியிலும் மிர்மிக்கே இருப்பது தெரியவந்தது. போலந்தில் சில இடங்களில் அது நீலன் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களோடு அதே ஸ்கேப்ரினோடிஸ் கூடுகளைப் பங்குபோட்டுக்கொள்கிறது. பாவம் அந்த எறும்பு.

"கொம்பின் நீளம் கொஞ்சம் மாறினால் தனி இனமா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கொம்பு அடையாளம் மட்டும்தான். காரணம் அது இல்லை. எந்தக் கூட்டில் முட்டை இட்டால் பிழைக்கும் என்பதே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு எவ்வளவு கறாரானது என்பதற்கு மல் தீவில் செய்த சோதனையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எல்ம்ஸ் குழு 1999இல் வெளியிட்ட சோதனை அது. உண்மையான மியூட்டாபிலிஸ் ஈயின் முட்டைகளை ஃபார்மிக்கா லெமானி எறும்புகளிடம் கொடுத்தார்கள். எறும்பு இனம் ஒன்றுதான், கூடு மட்டும் வேறு வேறு. தாய் ஈ வளர்ந்த அதே கூட்டின் எறும்புகள் அந்த முட்டைகளைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிட்டன. பக்கத்துக் கூடுகளிலும் ஓரளவு பிழைத்தன. தூரத்துக் கூடுகளுக்குப் போகப் போக எறும்புகள் முட்டைகளைத் தாக்கி அழித்தன. அதாவது அந்த ஈ ஓர் எறும்பு இனத்துக்குப் பொருந்தியது என்பதோடு நிற்காமல், ஏறத்தாழ ஒரு குறிப்பிட்ட கூட்டுக்கே பொருந்தி வாழ்கிறது. தூரத்தில் இருக்கும் கூடு அதற்கு அந்நிய தேசம்.

பறக்கச் சிறகு இருந்தும் இந்த ஈ பிறந்த கூட்டருகே ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. தூரம் போய் முட்டையிடும் தாயின் பிள்ளைகள் பிழைப்பதில்லை. எனவே வீட்டோடு இருப்பவற்றின் வம்சம்தான் தங்குகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே கூட்டுக் கொத்துக்குள் இனப்பெருக்கம் நடக்கும்போது அக்கம்பக்கத்துக் கூட்டங்களோடு கலப்பு குறைகிறது. கலப்பு குறைந்தால் காலப்போக்கில் பிரிவு வரும். வாசனையைப் புழுவே தயாரிக்கிறது என்றேன் இல்லையா, அது இங்கேதான் முக்கியமாகிறது. இரவல் வாசனையாக இருந்தால் எந்தக் கூட்டில் விழுந்தாலும் அந்தக் கூட்டின் வாசனையைப் பூசிக்கொண்டு பிழைத்துவிடலாம், பிரிய வேண்டிய அவசியமே இல்லை. பிறப்பிலேயே வரும் வாசனை என்பதால் ஒவ்வொரு எறும்புக்கும் ஒரு தனிக் கிளை உருவாகிறது. மைக்ரோடான் போன்ற ஒரு பேரினத்தில் ஏன் இத்தனை இனங்கள் என்ற கேள்விக்கு நான் கொடுக்கும் விடை இதுதான். பூவுக்குப் பூ தாவும் ஈக்களின் இனங்கள் பெருகும் விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எறும்புகள் சும்மா ஏமாந்துகொண்டிருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 2007இல் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் அயர்லாந்தில் ஃபார்மிக்கா லெமானி கூடுகளை ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டுக்குள் மரபு வேற்றுமை அதிகமாக இருந்தால் நோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் எதிராக அது பாதுகாப்பு என்பது பொதுவான கருத்து. இந்த ஈயின் விஷயத்தில் அது தலைகீழாக இருந்தது. எறும்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத கூடுகளில்தான் ஈப்புழுக்கள் அதிகம். காரணம் ஊகிக்கக்கூடியதே. பல தாய் வழி எறும்புகள் சேர்ந்து வாழும் கூட்டில் பல வாசனைகள் கலந்திருக்கும், அங்கே அந்நிய வாசனையைப் பிரித்தறிவது கடினம். ஒரே குடும்பமாக இருக்கும் கூட்டில் வேஷக்காரன் சீக்கிரம் மாட்டுவான்.

சரி, பெயர்கள் தேவையில்லாமல் குவிந்த கதைக்கு வருகிறேன். மைக்ரோடானும் அதன் சொந்தக்காரர்களும் சேர்ந்த துணைக்குடும்பத்துக்கு மைக்ரோடான்டினே என்று பெயர். 450க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளில், அதிலும் தென் அமெரிக்காவில் ஏராளம். சிர்ஃபிட் குடும்ப மரத்தில் இந்தக் கிளை முதலிலேயே பிரிந்து போனது, மற்ற எல்லாச் சிர்ஃபிட் ஈக்களும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதைத் தனிக் குடும்பமாகவே வைக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் புதிதாக ஓர் ஈ வந்து, அதன் உணர்கொம்பு நீளமாக இருந்து, எதோடும் சேராமல் இருந்தால், அதை மைக்ரோடானில் போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. எனவே பேரினத்தின் பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு மட்டுமே உள்ளவையும் வந்து சேர்ந்தன. 2013இல் நெதர்லாந்தின் மென்னோ ரீமரும் பின்லாந்தின் குனிலா ஸ்டால்ஸும் இந்தத் துணைக்குடும்பம் முழுவதையும் மறுபடி அலசி 43 பேரினங்களாக ஒழுங்குபடுத்தினார்கள். பல இனங்கள் மைக்ரோடானிலிருந்து வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. அதற்குப் பிறகும் மைக்ரோடான் நூற்றுக்கு மேல் இனங்களோடு பெரிய பேரினமாகத்தான் இருக்கிறது. பழைய பட்டியலைப் பார்த்து மலைத்திருந்தால் உங்கள் மலைப்பில் ஒரு பங்கு இந்த வகைதொகையில்லாத சேர்க்கையால் வந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வகைப்பாட்டைச் சரிசெய்யும்போது மைக்ரோடானிலிருந்து இனங்கள் வெளியேறுகின்றன. எறும்புக் கூட்டைக் கிளறிப் பார்க்கும்போது உள்ளே புதிய இனங்கள் தலைகாட்டுகின்றன. மியூட்டாபிலிஸ் மட்டும் தனிக் கதை அல்ல. ஐரோப்பாவில் மைக்ரோடான் அனாலிஸ் என்று ஒன்றாகக் கருதப்பட்டதும் பிற்பாடு கூட்டுப்புழுவை வைத்துப் பிரிக்கப்பட்டது, மைக்ரோடான் மேஜர் என்பது தனியாக வந்தது. இத்தனைக்கும் ஆண்ட்ரீஸ் என்பவர் 1912இலேயே இந்தப் பேரினத்தின் வளர்ச்சி நிலைகளை எழுதிவைத்திருந்தார். புழுவைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்பதற்கான வழி அப்போதே திறந்திருந்தது, ஈயை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கும் பழக்கம்தான் நம்மை அந்தப் பக்கம் போகவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் துணைக்குடும்பத்தில் பெரும்பாலான இனங்களுக்கு எந்த எறும்போடு வாழ்கிறது என்ற குறிப்பே கிடையாது. வெறும் ஈ மட்டும் கையில் இருக்கிறது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் எதிர்பாராதவை கிடைக்கின்றன. மெக்சிகோவில் மரங்களில் தொற்றி வளரும் புரோமீலியாட் செடிகளுக்குள் நியோபொனெரா வில்லோசா என்ற எறும்பு கூடு வைக்கும். அங்கே ஹிப்செலோசிர்ஃபஸ் டிரைகோனஸ் என்ற மைக்ரோடான்டினே ஈயின் புழு, கூட்டுக்குள் சுற்றித் திரிந்து பல குஞ்சுகளைத் தின்னாமல், ஒரே ஓர் எறும்புக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு அதை மட்டும் தின்று வளர்வதாக 2014இல் பதிவானது. சிர்ஃபிட் குடும்பத்திலேயே எறும்பை இப்படி ஒன்றுக்கு ஒன்றாகத் தின்று வளரும் வாழ்க்கை முறை அதுவரை தெரியாதது. ஒரு துணைக்குடும்பத்துக்குள் வாழும் முறையிலேயே இவ்வளவு வேற்றுமை என்றால், இனங்களின் எண்ணிக்கை கூடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிரித்துப் பெயர் வைப்பது காகிதத்து வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே, அரிய இனங்கள் எப்படி ஆபத்துக்குள்ளாகின்றன என்பதைப் பற்றியது. மியூட்டாபிலிஸ் ஒன்றே என்று இருந்தவரை, பிரிட்டன் தெற்கிலிருந்து வடக்கு வரை ஆங்காங்கே இருக்கிற அரிய ஈ என்ற நிலை. இரண்டானதும் ஒவ்வொன்றின் பரப்பும் சுருங்கிவிட்டது. ஒன்றுக்குச் சதுப்பு வற்றாமல் இருக்க வேண்டும், இன்னொன்றுக்குக் கற்கள் நிறைந்த வெயில் நிலம் மரங்கள் மூடாமல் இருக்க வேண்டும். ஒரே திட்டத்தால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. மல் தீவுச் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்: ஓர் இடத்தில் அழிந்துவிட்டால் வேறு இடத்து ஈக்களைக் கொண்டுவந்து விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சொல்ல முடியாது, அந்த ஊர் எறும்பு அவற்றின் முட்டையை ஏற்காமல் போகலாம். இனத்தைச் சரியாகப் பிரிக்காமல் விட்டிருந்தால் இந்தக் கேள்விகள் எழுந்தே இருக்காது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு சதுப்பு நிலத்தை வடிப்பதா வேண்டாமா என்ற முடிவு, ஓட்டின் மேல் முளைத்த ஒரு குட்டிக் கொம்பை யாராவது அளந்து பார்த்தார்களா என்பதைப் பொறுத்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுப்பு வரிசையில் 1923இல் வந்த ஈக்கள் பற்றிய மூன்றாம் பாகத்தில் சிர்ஃபிட் குடும்பத்தை எழுதியவர் புருனெட்டி. இசைக் கலைஞராக இருந்து, ஈக்களில் நிபுணரானவர். இந்தியாவின் மைக்ரோடான் இனங்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி விவரிப்பு முழுக்க வளர்ந்த ஈயைப் பற்றியது. நிறம், மயிர், உணர்கொம்பின் கணுக்கள், சிறகு நரம்பு என்று போகும். எறும்பு வகைகள் மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எந்த மைக்ரோடான் எந்த எறும்போடு என்ற பட்டியலை யாராவது உட்கார்ந்து போட்டால், புருனெட்டியின் இனங்களில் சில இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும் என்றே எதிர்பார்க்கிறேன்.

அடுத்த முறை காட்டோரத்தில் பூவுக்கு வராமல் இலைமேல் சோம்பலாக உட்கார்ந்திருக்கும், நீண்ட உணர்கொம்புள்ள ஈயைப் பார்த்தால், படம் எடுத்துவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் நான்கடி சுற்றளவில் எறும்புக் கூடு எங்கே என்று பாருங்கள். கல்லைப் புரட்டினால் பழையபடி வைத்துவிடுங்கள், மட்கிய கட்டையைப் பிளக்க வேண்டாம். கூட்டின் மேல்பகுதியில் ஈ வெளியேறிப்போன காலி ஓடு கிடைத்தால் அதுதான் உங்கள் கேள்விக்கான சான்று. ஈ பறந்துபோன பிறகும் ஓடு அங்கேயே கிடக்கும். முன்பக்கம் மூடி திறந்தது போலப் பெயர்ந்திருக்கும், கொம்புகள் இருப்பது அந்த மூடித் துண்டில்தான் என்பதால் அதையும் தேடி எடுங்கள். ஓட்டையும், அதே கூட்டிலிருந்து ஐந்தாறு வேலைக்கார எறும்புகளையும் ஒரே சிறு குப்பியில் ஆல்கஹாலில் போட்டு, இடம், தேதி, கூடு கல்லடியிலா கட்டையிலா மரத்திலா என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.